ஐம்பத்திரண்டு நிமிடச் சுற்று

1976 மார்ச் 10, புதன்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் தெளிவு, கொண்டல் காற்று லேசு. தூத்துக்குடியில் ஞானையா வீட்டு மொட்டைமாடிக்கு ஐந்தடி மேலே நின்ற நட்சத்திரம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதன் முகத்திலிருந்த கரும்புள்ளி மறைந்து திரும்பி வருவதைக் கொண்டு அவர் கணக்கிட்டார். நாசரேத்தில் அவர் பிறந்தபோது கூரைமேல் வந்து நின்ற நட்சத்திரம் அது. மாற்றலான ஊருக்கெல்லாம் கூடவே வந்தது. அண்டை வீட்டார் அதன் சூட்டில் வற்றல் காயவைத்தனர்.

ஞானையா துறைமுகத்தில் கடல்மட்டம் அளப்பவர். நிலவின் முழுச் சுழற்சி ஒன்றைப் பிடிக்க 1959 ஏப்ரல் முதல் நாள் அவர் தொடங்கிய பத்தொன்பதாண்டுப் பதிவு நிறைவுற இன்னும் இரண்டாண்டு இருந்தது. அதன் கடைசி வரியையும் தாமே எழுத வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு விருப்பம் இல்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயது நிறைந்ததால் அம்மாத இறுதியில் ஓய்வு என்று கடிதம் வந்திருந்தது. பிழை பள்ளிப் பதிவேட்டினுடையது. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடும் பிள்ளைக்கு ஐந்து வயது என்பது அக்கால விதி. கை நீண்ட ஞானையா மூன்று வயதிலேயே தொட்டுவிட்டதால் ஏட்டில் இரண்டு வயது கூடியது. அதை மறுக்க உதவும் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது.

மணப்பாட்டில் சிலுவை என்பவரின் மகள் அமலோற்பவத்துக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. கோயில் பதிவேட்டின்படி அவளுக்குச் சரியாகப் பதினான்கு வயது. அவளுடையது இருபத்தாறு நிமிடத்தில் சுற்றியது. நட்சத்திரத்தையே வயதுக்கு ஆதாரமாகக் காட்டிய ஞானையாவின் மனுவை விசாரித்த அதிகாரி ஆவுடையப்பன் இரண்டையும் தம் கைக்கடிகாரத்தால் அளந்துவிட்டு ஞானையா வீட்டு மாடியில் அமர்ந்தார்.

"நேரம் ரெண்டு மடங்கு. அப்ப வயசும் பதினாலுக்கு ரெண்டு மடங்கு, இருபத்தெட்டு. அண்ணாச்சி, ஒமக்குப் பொண்ணு பாக்கலாம் போலிருக்கே!"

காப்பி கொண்டுவந்த ஞானபாய் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருபத்தெட்டா? அப்ப நா யாரு சார், இவருக்கு அம்மையா?"

"நேரம் ரெண்டு மடங்குன்னா வயசு நாலு மடங்கு சார்," என்றார் ஞானையா. "வயசாக ஆகச் சுத்துற வேகம் கொறையும். அந்தக் கொறையுறதும் போகப்போகக் கொறையும். எனக்கு அம்பத்தாறுதான்."

ஆவுடையப்பன் வர்க்கமூலம் போட்டுப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதுக்கு இன்னும் ஐம்பத்தைந்து விநாடி வேண்டும். மறுபடி அளந்தார், நட்சத்திரம் அதைத் தரவில்லை.

மூன்று வாரம் பதில் இல்லை. மார்ச் 31 பிற்பகல் அலுவலகத்தில் பிரிவுபசார மாலையும் வந்து சேர்ந்தது. நான்கு மணிக்கு ஆவுடையப்பன், கையெழுத்திட்ட ஆணையை ஞானையாவிடம் கொடுத்தார். பிறந்த நாள் 10.3.1920; ஓய்வு நாள் 31.3.1978, ஆதாரம்: நட்சத்திரம், நேரில் பார்வையிடப்பட்டது.