வெறும் தண்ணீர் மூச்சு விட்டது

சொறிமீன், அதாவது ஜெல்லிமீன், எவ்வளவு மூச்சு விடுகிறது என்று அளப்பதும் ஒரு பிழைப்பா என்று கேட்காதவர்கள் எங்கள் ஊர் மண்ணரையில் கிடையாது. பிழைப்புதான். என் பிழைப்பு. கடல்நீர் நிரம்பிய பாட்டிலில் சொறிமீனை விட்டு இறுக மூடுவேன். தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் அது இழுத்த மூச்சு. ஒப்பிட்டுப் பார்க்க, மீன் இல்லாத பாட்டில் ஒன்று பக்கத்தில் இருக்கும். அதில் பெரிதாக எதுவும் குறையக் கூடாது.

குறைந்திருந்தது. மீன் இருந்த பாட்டிலில் குறைந்ததில் பாதி அளவுக்கு! போன வருடம் இப்படி இல்லை. இந்த வருடம் மாறியது ஒன்றே ஒன்றுதான். வலை அதன் உடம்பைக் கிழிக்கிறது என்று, மீனைப் பிடிக்கவும் நீரை வடிகட்டவும் என் அண்ணன் சசிகுமாரிடம் பனியன் துணியில் பைகள் தைத்து வாங்கியிருந்தேன். நான் ஆய்வு செய்யும் கடல் நிலையத்திலிருந்து பஸ் ஏறி நேராக அவர் பனியன் கம்பெனிக்கு வந்தேன்.

"தச்சு அப்படியேதானுங்ண்ணா குடுத்தீங்க?"

"அப்படியேவா? நம்ம கம்பெனில சாஃப்ட்னர் போடாம ஒரு பீஸ் வெளிய போயிருக்கா அம்மிணி? உன்ற மீனுக்கு ஒடம்பு உறுத்தக் கூடாதுன்னு ரெண்டு மடங்கு போடச் சொன்னேன்."

"அது சொறிமீனுங்ண்ணா. கைக்கொழந்தை இல்ல."

துணியை மிருதுவாக்கப் போட்ட சாஃப்ட்னர் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அதைத் தின்று கிருமிகள் பெருகி, ஆக்ஸிஜனை இழுத்திருக்கின்றன. விளக்கிச் சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தத் தண்ணி இழுத்தத மட்டும் கழிச்சுப்போட்டு எழுதிரு. ஆருக்குத் தெரியப்போகுது?"

என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரும் போனில் அதையேதான் சொல்லியிருந்தார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லுவானேன். அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தால் அதே கடல் நிலையத்தில் வேலை. தவறினால் வேறொருவருக்கு. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்க யாருக்கு மனம் வரும்?

"ஆனா ஒண்ணு," என்றார் அண்ணன். "அந்தத் தண்ணில உன்ற மீனுக்கு மூச்சு முட்டியிருக்குமா?"

"தெரியாதுங்ண்ணா."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். முட்டியிருக்கலாம். மிரண்டுபோய் வேகமாக இழுத்திருக்கலாம், சோர்ந்துபோய் குறைவாகவும் இழுத்திருக்கலாம். தண்ணீர் இழுத்ததைக் கழித்துவிடலாம். அது பட்ட பாட்டை எந்தக் கணக்கில் கழிப்பது? மூச்சை அளக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, மூச்சுத் திணறலை அளந்து வைத்திருக்கிறேனோ என்னவோ.

அயர்ன் டேபிள் மேலேயே போனை வைத்து, இந்த வருடத்து அளவுகள் எதுவும் செல்லாது, எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும் என்று பேராசிரியருக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, வேலைக்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப வேல?"

"போச்சுங்ண்ணா."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் அம்மிணி பண்ணுனேன்."

"தெரியுமுங்ண்ணா. அதான் உங்கள நல்லாத் திட்டக்கூட முடியல."