கூலருக்கு ஓர் இடம்

1

இந்தக் கதை, என் அக்காவும் அத்தானும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த ஒரு வாரத்தில் பிறந்தது. சண்டைக்குக் காரணம் நகையில்லை, நாத்தனாரும் இல்லை. பரீட்சை அட்டை அளவில் ஒரு கூலர். குடும்பக் கதைகளையே எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இப்படியொரு சண்டை வாய்த்ததில் உள்ளூரக் குஷிதான்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: நிலவொளியில் அந்தப் பழைய டிரக், காத்திருக்கும் ஒரு...

(நிறுத்திவிட்டேன். டிரக் நிற்கும் ஷெட்டில் டியூப்லைட்தான் உண்டு.)

இரண்டாவது முயற்சி: தாம்பத்தியம் என்பது ஒரு கியர்பாக்ஸ்...

(அக்கா படித்தால் ஸ்பானரோடு வருவாள்.)

சரி, விஷயத்தையே சொல்லிவிடுகிறேன்.

2

அக்காவும் அத்தானும் நாற்றுப்பண்ணை நடத்துகிறார்கள். அவர்களிடம் இருப்பது மூக்கு நீண்ட, அந்தக் காலத்து டிரக். அதில் கன்றுகளை ஏற்றி மலைமேல் இருக்கும் ஊருக்கு ஓட்டிப்போவது எப்போதும் அக்காதான். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அவளால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. வாடகைக்கு ஒரு டிரைவர் தன் புது லாரியோடு வந்தார். தங்கமான மனுஷர். ஒவ்வொரு தடவையும், நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா என்பார். அதைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தான் வாயால் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். பழைய கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிளட்சே தேவைப்படாத ஆட்டோமேட்டிக் ஒன்றைப் பொருத்தினார். ஆனால் பாரத்தோடு மலை ஏறினால் இந்தப் பெட்டிக்குள் ஆயில் கொதிக்கும். கொதித்து எரிந்தால் பெட்டி போச்சு. அப்புறம் புது லாரிதான் நிரந்தரம், அக்காவுக்கு ரெஸ்ட்தான். ஆயிலை ஆற வைக்க ஒரு கூலர் மாட்ட வேண்டும்.

எங்கே?

முன்னால், வண்டியின் முகத்திலிருக்கும் கம்பி கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் என்றார் அத்தான். எதிர்க்காற்று நேராக அடிக்கும் இடம். ஆனால் இடைவெளி போதாது. கிரில்லின் நடுக்கம்பிகள் இரண்டை அறுத்தால்தான் கூலர் உட்காரும். அறுக்கக்கூடாது என்றாள் அக்கா. பின்னால், வண்டியைத் தாங்கும் சேஸிஸ் சட்டத்தின் ஓரமாக அடியில் மாட்டி, ஒரு சின்ன ஃபேனும் வைத்தால் போதும் என்பது அவள் கட்சி.

பேச்சு நின்றது அங்கேதான்.

3

அவள் ஏன் மறுக்கிறாள்? கதாசிரியைக்குக் காரணம் வேண்டுமே. தன் காலுக்காக வண்டியை மாற்றியது எதிரில் வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது, அதில் அவளுக்கு வெட்கம் என்று முடிவுகட்டி இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் அவள் கண் கலங்குகிறாள், அத்தான் தோளில் கை வைக்கிறார். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும்.)

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.

"யாருடி இவ?"

"நீதான்."

"நான் எப்போ மூக்கைச் சிந்தினேன்? கால்ல ஆபரேஷன் பண்ணினதுக்கு என்ன வெட்கம்? அந்த கிரில்லை நிமிர்த்தினது யாருன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். யோசிக்கத்தான் இல்லை. எப்போதோ எதிலோ இடித்து நசுங்கிய கிரில் அது. ஆபரேஷன் முடிந்து காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கிடந்தபோது அதைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, கீழே மரக்கட்டையை அண்டக் கொடுத்து, சின்னச் சுத்தியலால் கம்பி கம்பியாக நிமிர்த்தினாள். சத்தம் தாங்கவில்லை என்று சலித்துக்கொண்டவள் நான்தான். பக்கத்து அறையில் ஒரு காதல் காட்சி எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். இந்தக் கதையில் இனி யாரும் அழமாட்டார்கள்.

4

அத்தான் விட்டுக்கொடுத்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. அக்கா டேப்பை நீட்டினாள், அவர் அடியில் படுத்து அளந்தார். அவர் கையை நீட்டினார், அவள் சரியான போல்ட்டை வைத்தாள். வாய் திறக்காமலே ஒருவருக்கு இன்னொருவர் வேண்டியதை எடுத்துக்கொடுத்தார்கள். (இதைத்தான் நான் பக்கம் பக்கமாக எழுதி வந்திருக்கிறேன், டிரக் இல்லாமல்.) கூலர் கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்றைக்கு, எஞ்சின் புகையைச் சுடச்சுட வெளியேற்றும் சைலன்சர் குழாய் வண்டியில் இல்லை. ஓட்டை அடைக்க வெல்டிங்குக்குப் போயிருந்தது. அது அவருக்கு நினைவிருக்கும் என்று அவள் இருந்துவிட்டாள். அவளுக்கு நினைவிருக்கும் என்று அவர் இருந்துவிட்டார். பேசிக்கொண்டிருந்தால் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

குழாய் திரும்பி வந்து, கூலரை ஒட்டினாற்போல் தன் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. அதைக் கவனிக்காமலே பக்கத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். ஃபேன் அலறுகிறது, சூடு காட்டும் ஊசி ஏறிக்கொண்டே போகிறது. பாதியிலேயே திருப்பினாள் அக்கா. அத்தான் அடியில் புகுந்தார். வெளியே வந்தவர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"அடுப்பு மேல வெச்சு ஆற வெச்சிருக்கோம்."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தப்பக்கம் மாற்றலாமென்றால் டீசல் டேங்க். இன்னும் பின்னால் தள்ளினால் சக்கரம் வாரியடிக்கும் சேறு. மிச்சமிருந்தது முன்பக்கம் ஒன்றுதான்.

5

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன.

ஒன்று: அத்தான் ரகசியமாக அதே மாதிரி வேறொரு கிரில்லை வரவழைத்து, அவள் பிறந்தநாளன்று...

(வேண்டாம். அது அவள் நிமிர்த்தியது இல்லையே.)

இரண்டு: அவள் அசந்த நேரம் பார்த்து அத்தானே கம்பிகளை அறுத்து...

(விவாகரத்துக் கதைகள் நான் எழுதுவதில்லை.)

நடந்தது இது. அக்காவே கிரில்லைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். அத்தான் ரம்பத்தை எடுத்தபோது கையை நீட்டினாள்.

"குடுங்க. நிமிர்த்தின கைக்கு அறுக்கவும் தெரியும். நீங்க ஆடாம பிடிங்க, போதும்."

பிடித்தார். அவள் அறுத்தாள். முனைகளை அரம் போட்டு மழுக்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இன்னொரு தடவையும் அரம் போட்டாள். கூலர் உள்ளே உட்கார்ந்தது. நடுவில் தெரிந்த இடைவெளியைச் சல்லடைத் தகடு வைத்து மறைத்துவிடலாமா என்று அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எதுக்கு? பல்லு போனா சிரிக்கமாட்டாங்களா?"

நான் பார்த்தவரை அந்த வண்டிக்கு அவ்வளவு அழகான முகம் முன்பு இருந்ததில்லை. தங்கச்சி என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

6

கன்றுகள் நிறைய ஏற்றி, கயிறு இழுத்துக் கட்டி, மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். நான் நடுவில். சூடு காட்டும் மீட்டரை ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுகிறவர் பக்கமாகச் சாய்த்து மாட்டியிருந்தார் அத்தான். எங்கள் இருவருக்கும் அதன் முதுகுதான் தெரிந்தது.

செங்குத்தான வளைவில் எஞ்சின் முனகல் மாறியது. அத்தான் என்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"ஊசி எங்க நிக்குது?"

"நீங்க ரோட்டைப் பாருங்க."

மேலே போய்ச் சேர்ந்தோம். அவள் சொல்லவில்லை. அத்தான் இன்னொரு தடவை கேட்டும் சொல்லவில்லை. கதைக்கு வேண்டும் என்று நான் கெஞ்சியதற்கு, "நீதானே எழுதறே, உனக்குப் பிடிச்ச இடத்துல வெச்சுக்கோ" என்றாள்.

நான் வைக்கப்போவதில்லை. பச்சையிலோ சிவப்பின் விளிம்பிலோ, உங்களுக்குத் தோன்றிய இடத்தில் நீங்களே ஊசியை நிறுத்திக்கொள்ளுங்கள். வளைவில் கொஞ்சம் புகை வேண்டுமென்றாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஓட்டுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.