பிரிஸ்பேனில் கீதன்

மொழிபெயர்க்க வந்தவள் கம்சாயினி என்று கண்டதும் கௌரி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆக்லாந்து முழுக்க எத்தனை தமிழர், இவள்தானா அகப்பட்டாள்? போன வெள்ளிக்கிழமைதான் கோயில் மடைப்பள்ளியில் இருவரும் அருகருகே இருந்து வாழைக்காய் சீவினார்கள். "கீதன் எங்க அன்ரி, காணக் கிடைக்குதில்லை?" என்று அவள் கேட்க, பிரிஸ்பேனில் நல்ல வேலை என்று கௌரி வாய்கூசாமல் சொல்லியிருந்தாள்.

கீதன் இருப்பது சிறையில். டெய்ரி என்கிற தெருமுனை மளிகைக் கடையொன்றை உடைத்துத் திருடிய வழக்கு. ஒருவருக்கான அறையில் இருவர். அவனுடைய மெத்தை கழிவறைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். "அம்மா, இதுக்குள்ள இருந்தா நான் உயிரோட வரமாட்டன்" என்று தொலைபேசியில் அழுதான். நீதிமன்றம் ஒரு வழி வைத்திருந்தது. ஐஸ் என்ற போதைப்பொருள் பழக்கத்தால்தான் திருடினான் என்று உறுதியானால், சிறைக்குப் பதில் சிகிச்சை இல்லம். தப்புவதற்காக நடிக்கிறான் என்றது எதிர்த்தரப்பு. அதனால்தான் வீட்டாரை விசாரிக்க நீதிமன்றத்தின் இந்த அறைக்கு அழைத்திருந்தார்கள். கணவர் இராசநாயகம் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மேசைக்கு அப்பாலிருந்த வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைக் கம்சாயினி குனிந்தபடி தமிழில் சொன்னாள். "உங்கட மகன் ஐஸ் பாவிச்சதைக் கண்டனீங்களோ?"

"இல்லை. என்ர பிள்ளை அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை."

வருடக்கணக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய வாய். அது கௌரியைக் கேட்காமலே பேசிவிட்டது. கம்சாயினி ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி அதைத் தட்டச்சு செய்துவிட்டு மடிக்கணினியை மூடப்போனாள். பெற்ற மகனைத் தானே சிறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் கௌரிக்கு உறைத்தது.

"பொறும் பிள்ளை. மூட வேண்டாமெண்டு அவவுக்குச் சொல்லும்." "பிரிஸ்பேன் பொய். நான் கண்டனான். குளியலறையில, ஐஸ் இழுக்கிற கண்ணாடிக் குழாயோட."

அதிகாரி நெற்றியைச் சுருக்கி ஏதோ கேட்டாள்.

"முதல் இல்லையெண்டனீங்கள், இப்ப ஓமெண்டுறீங்கள். எதை நம்புறது எண்டு கேக்கிறா, அன்ரி."

கௌரி கழுத்துவரை பூட்டியிருந்த கம்பளிச் சட்டையின் பொத்தான்களை அவசரமாகக் கழற்றி, உள்ளே கிடந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தாள்.

"தாலிக்கொடி பாங்கில இருக்கெண்டு உமக்குச் சொன்னனான். அவன் ஐஸ் வாங்க என்ர கழுத்திலயிருந்து அறுத்துக்கொண்டு போனவன், பிள்ளை. இதை அவவுக்கு விளங்கச் சொல்லும்."

அதிகாரி கயிற்றைப் பார்த்தாள். பிறகு கம்சாயினியைப் பார்த்தாள். கம்சாயினியின் கை தன் கழுத்துக் கொடியைப் பற்றியிருந்தது. பிறகு அதை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.