வைகாசியா, புரட்டாசியா

ஊட்டியில் கடை வைத்திருப்பவர்களுக்கு வருஷம் என்றால் இரண்டே பாகம்: சீசன், சீசன் இல்லாத நேரம். பூங்கா ரோட்டில் தேயிலைத்தூளும் வர்க்கி பிஸ்கட்டும் விற்கிற சுப்பம்மாவுக்கும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் ஜனம் கொட்டும். புரட்டாசியில் இரண்டாம் சீசன் என்று பேருக்கு ஒன்று வரும். அதைப் புருஷன் வீரையா தூங்கி வழிந்துகொண்டே பார்த்துக்கொள்வார்.

அதனால்தான் மாசிக் குளிரில் ஒருநாள் இலங்கையிலிருந்து மாரியாயி அக்கா வீடியோவில் வந்து, "வைகாசியில ஒருக்கா வந்துட்டுப் போ புள்ள" என்றபோது சுப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நல்ல நேரம் பாத்துக் கேட்ட போ! பூக்காட்சி சமயத்துல கடையைச் சாத்தினா என் வாயில நானே மண்ணள்ளிப் போட்டுக்கணும். புரட்டாசியில வாரேன்."

"இப்பல்லாம் பேரு மறந்து போகுது. நேத்து பெத்த மகன் சசியையே ஆருன்னு கேட்டுட்டேன். இனிமே கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன் மொகம் தெரியறப்பவே வந்துரு."

"கடன்காரன் மொகம் மறந்தா லாபந்தானேக்கா?"

அக்காவும் சிரித்தாள். "சரி, ஆனியில?"

"இங்க மழை. ரோடு சரிஞ்சா எறங்கவே முடியாது."

"ஆடியில?"

"ஆடியில எவளாச்சும் பயணம் வைப்பாளா?"

"ஆவணி?"

"புரட்டாசிக்கா. ஒரே வெலை."

"சரி புள்ள" என்றாள் அக்கா.

சுப்பம்மா பத்து வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவள். தோட்டத்து ஜனங்களை இரண்டு நாடும் பங்குபோட்டுக்கொண்டபோது, அக்கா வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது. இவர்களுக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். அதன்பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி போனில் பார்த்ததோடு சரி.

"அத்தனை தூரம் கேக்குறாங்களே, வைகாசியிலயே போயேன். கடையை நான் பாத்துக்கறேன்" என்றார் வீரையா.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணம் எனக்குத் தெரியாதா? நெசமாவே அவசரம்னா மறுபடி கேப்பா. வேணும்கிற கிராக்கி நாலு கடை தாண்டிப் போனாலும் திரும்பி வருவான். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

சந்தையில் அது பொய்க்காத விதிதான். ஆனால் அக்கா சந்தையைக் கண்டவளில்லை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே நரைத்தவள். கொழுந்துக் கூடையைத் தராசில் வைத்தால் கணக்கப்பிள்ளை சொல்வதுதான் எடை. இரண்டாம் தடவை கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. அந்த லயத்தில் பிறந்த சுப்பம்மா இதை மறந்து வெகுகாலமாகிறது.

அக்கா திரும்பக் கேட்கவில்லை. வைகாசி வியாபாரம் அமோகமாக நடந்தது. ஆனியில் கூப்பிட்டபோது சசிதரன், "அம்மா தூங்குறாங்க சின்னம்மா" என்றான். ஆடியிலும் தூங்கினாள். ஆவணியில் சுப்பம்மா கூப்பிடவே இல்லை. அதான் நேரில் போகிறோமே.

புரட்டாசி பிறந்ததும் போனாள். ஹட்டன் ஸ்டேஷனில் பெட்டியை வாங்கிக்கொண்ட சசிதரன், லயத்துக்கு ஏறும் மேட்டில்தான் வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் மனசைத் தெடப்படுத்திக்குங்க சின்னம்மா. அம்மாவுக்கு இப்ப ஆரையும் தெரியாது."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"அம்மாவேதான் சொன்னாங்களே. நீங்க ஒரே வெலைன்னுட்டீங்க. உங்ககிட்ட ஆரு மறுபேச்சு பேசுறது?"

சுப்பம்மா அவனை முந்திக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

வாசலில் நின்றிருந்த மாரியாயி, வந்தவளைப் பார்த்து மரியாதையாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாங்க, உள்ளுக்கு வாங்க. மேடு ஏறினது களைப்பா இருக்கும்."

"அக்கா, நான் சுப்பு."

"சுப்பு சின்னப் புள்ளைங்க. கப்பல்ல போயிருக்கா. வைகாசியில வாரா."

தன் சரக்கை விற்கத் தெரியாதவளா சுப்பம்மா? அம்மா பேரைச் சொன்னாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து இருவரும் அடி வாங்கியதைச் சொன்னாள். கப்பலுக்குப் போன அன்று அக்கா இறுக்கிப் பின்னிவிட்ட சடை, ராமேஸ்வரம் வந்தும் அவிழாமல் இருந்ததைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினாள். வாங்கப் போவதில்லை என்று முடிவுகட்டிவிட்டு, கடைக்காரர் மனம் நோகாமலிருக்கப் புடவையைப் புரட்டிப் பார்ப்பவளைப் போல.

"அம்மா, இவங்கதான் சின்னம்மா..." என்று ஆரம்பித்த சசிதரனின் கையைச் சுப்பம்மா பிடித்து அழுத்தினாள்.

"நீங்க இந்தியாப் பக்கங்களா?" என்றாள் அக்கா.

"ஆமாங்க."

அக்கா கிட்டே நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "அப்ப எனக்கொரு ஒத்தாச பண்ணுங்க. என் தங்கச்சியப் பாத்தா, வைகாசியில வர முடியலன்னா பரவால்லன்னு சொல்லுங்க. ரோசக்காரி, மனசுல வச்சுக்கிட்டே கெடப்பா. அவளுக்கு எப்ப தோதோ அப்ப வரட்டும். நான் எங்க போயிறப் போறேன்?"

"சொல்றேங்க" என்றாள் சுப்பம்மா.

அக்காவின் முகம் தெளிந்தது. பெரிய பாரம் இறங்கியவளாய் எழுந்து அடுப்படிக்குப் போய், அங்கிருந்து கேட்டாள்:

"தேத்தண்ணிக்கு சீனி எத்தனை கரண்டி போடட்டுங்க?"