ஆளுக்குப் பாதி

ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரிக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மனைவி காபி கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவருடைய நாய் குண்டுவுக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. புற்றுநோய். கைவிரித்த மருத்துவர், ஒரு பெண்மணியின் எண்ணைக் கொடுத்தனுப்பினார். எந்த ஆராய்ச்சிக்கு எந்த நாய் பொருந்தும் என்று தேடிச் சேர்த்துவிடுவது அந்த அம்மாவின் வேலை. பூதக்கண்ணாடி அவருக்கு 'நாய்த் தரகர்' என்று பெயர் சூட்டினார்.

தரகர் எதையும் ஒளிக்கவில்லை. "சார், இது புது மாத்திரை. பாதி நாய்களுக்கு மருந்து, பாதிக்கு வெறும் மாவு. எதுக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது."

"கொடுக்கறவருக்கே தெரியாதாம்! இதை நம்ப நான் என்ன காதுல பூ வெச்சுக்கிட்டா வந்திருக்கேன்?"

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். குண்டுவுக்கு வேறு கதியில்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரையை நக்கிப் பார்த்தார். கசக்கவில்லை. "மாவேதான்! மருந்தெல்லாம் பெரிய மனுஷன் நாய்க்குப் போயிருக்கும்."

"ஊர்லயே பெரிய மனுஷன் நீங்கதான்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே?" என்றாள் மனைவி.

கட்டி கொஞ்சம் சுருங்கினாற்போலக் கைக்குப் பட்டது. அவர் தன் கையையே சந்தேகித்தார்.

பரிசோதனை நாளில் மாத்திரை டப்பாவோடு போனார். பக்கத்து நாற்காலியில் ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா. அதே ஆய்வுக்கு வந்த அவளுடைய நாய் துள்ளிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு அசல் கிடைச்சிருக்கு," என்று முணுமுணுத்தார்.

"நீங்க வேறண்ணே! துள்ளுதே தவிர ஒரு வாய் திங்க மாட்டேங்குது. எனக்கும் மாவுதான்னு தோணுது."

"அப்ப ரெண்டையும் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம். எது அசலா இருந்தாலும் ரெண்டு உசுருக்கும் சேரும்."

"தப்பில்லையா?"

"நான் தணிக்கை அதிகாரிம்மா!"

அவளுடைய கைப்பையில் இரண்டு டப்பாவையும் கொட்டிக் குலுக்கிப் பங்கு பிரித்தார்கள். மாத்திரைகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு.

உள்ளே டாக்டர் குண்டுவின் கழுத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார். "கட்டி பாதியாயிடுச்சு சார்!"

பூதக்கண்ணாடி வெளியே ஓடிவந்தார்.

"அம்மா, அந்த மாத்திரையைத் திருப்பி..."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "உங்களதுதான் அசல்னு தெரிஞ்சுபோச்சா? அப்ப தரமாட்டேன். தந்தாலும் எதுன்னு பொறுக்குவீங்க?"

தரகரின் அறைக்குப் போனார். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்மா. யாரோ ஒருத்தர் மாத்திரையைக் கலந்துட்டார்னு வெச்சுக்குங்க..."

"அந்த யாரோ ஒருத்தரோட நாய் பேரு குண்டுவா சார்?"

டப்பாவை மேசைமேல் வைத்தார். "புதுசு தருவீங்களா?"

"டாக்டர்தான் சொல்லணும். நாயை வெச்சுக்கலாம், ஆய்வுலேர்ந்து எடுத்தும் விடலாம். யாரோடதைக் கலந்தீங்க?"

எத்தனையோ பேரைத் தணிக்கையில் மாட்டிவிட்டவர், டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னோடது," என்று வாசலில் குரல் கேட்டது. ரொட்டிக்கடைக்காரம்மா உள்ளே வந்து தன் டப்பாவையும் வைத்தாள். "அரை மருந்தை நம்பி என் பிள்ளையை விட முடியாது. யோசனை மட்டும் இவரோடது, ஆமா."

தரகர் இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூதக்கண்ணாடி கதவில் காதை வைத்தார்.

"கொஞ்சம் நகருங்கண்ணே," என்று ரொட்டிக்கடைக்காரம்மாவும் காதை வைத்தாள்.