ஆறாவது செடி

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் குபாத் வந்து வேலிக் கதவைத் தட்டினார். ஒரு கையில் கொலாச் என்ற இனிப்பு ரொட்டி அடுக்கிய தட்டு, மறு கையில் அரை பாட்டில் பிளம் சாராயம். வெங்காயப் பாத்தியில் குனிந்திருந்த ஸ்வாதவா நிமிர்ந்து பார்த்தாள். தன் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தும், எட்டு வருடமாக இந்த மனிதர் அவள் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

குபாத்தான் அந்தத் தோட்டக் குடியிருப்பின் தலைவர். நகரத்து அடுக்குமாடிக்காரர்கள் கோடை முழுக்க வந்து மண்ணைக் கிளறும் அத்தனை துண்டு நிலத்துக்கும் ராஜா, மந்திரி, காவல்காரன் எல்லாம் அவரேதான். யார் வேலி ஒரு சாண் கூடுதலாக வளர்ந்திருக்கிறது, யார் சத்தம் போடக் கூடாத ஞாயிற்றுக்கிழமையில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார்கள் என்று அளவு டேப்பும் கையுமாகத் திரிவார். அப்படிப்பட்டவர் இப்போது இடுப்பு ஒரு பக்கம் கோணியபடி, பிச்சைக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"ஸ்வாதவாம்மா, ஒரு உதவி. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"என்ன தலைவரே, என் வேலி வளந்துடுச்சா?"

"ஐயோ, அதில்ல. முதுகுல நரம்பு நசுங்கிக் கெடக்கு. ரெண்டு தடவ அறுத்தாச்சு. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. டாக்டர் குடுக்கற மாத்திரைல வயிறுதான் புண்ணாச்சு. அதான்... செடி வச்சிருக்கேன். இப்பதான் ஆளுக்கு மூணு வச்சுக்கலாம்னு சட்டமே வந்துடுச்சே."

"கஞ்சாவா?" ஊருக்கே கேட்கட்டும் என்றுதான் கேட்டாள்.

"மெதுவா, மெதுவா! மருந்துக்கும்மா. மருந்துக்குத்தான்."

"வொய்மீரும் மருந்துக்குத்தான் வச்சிருந்தாரு."

குபாத் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

வொய்மீர் அவள் கணவன். தபால்காரனாக ஊரெல்லாம் நடந்தவன். நரம்புகளை அரிக்கும் நோய் வந்து, நாற்பத்தெட்டு வயதில் கால் இரண்டும் கட்டையாய் விறைத்துப்போயின. வெண்ணெயில் காய்ச்சிய அந்தப் பூ ஒன்றுதான் இரவில் அந்தக் கால்களை இளக்கியது. அப்போது சட்டம் வேறு. ஐந்து செடி வரை அபராதம், ஆறு என்றால் குற்ற வழக்கு. ஐந்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம்தான். ஆனால் நட்ட செடியில் எது ஆண், எது பெண் என்று மொட்டு விடும்வரை யாருக்கும் தெரியாது. மருந்து பெண் பூவில்தான் இருக்கிறது. ஆண் செடியைக் கண்டதும் பிடுங்கி எறிய வேண்டும். எறியாவிட்டால் மகரந்தம் பறந்து, அக்கம்பக்கத்துப் பெண் பூவெல்லாம் விதை கட்டி மருந்து அற்றுப்போகும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வதைப்போல வொய்மீரும் ஒன்று கூடுதலாக நட்டான். ஜூலையில் ஒரு மாலை அந்த ஆறாவது செடி ஆண் என்று தெரிந்தது. "காலைல காப்பி குடிச்சிட்டுப் பிடுங்கறேன்" என்றான்.

காப்பிக்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டது.

செர்ரி பறிக்க ஏணியில் ஏறியிருந்த குபாத் வேலிக்கு மேலாகச் செடிகளை எண்ணிப் போலீசுக்குச் சொல்லியிருந்தார். ஏணியும் வொய்மீருடையது. இரவல் கொடுத்தது. அந்த வருடக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னதை ஸ்வாதவா ஒருபோதும் மறக்கவில்லை: "சட்டம்னா சட்டம். அஞ்சுன்னா அஞ்சு." வொய்மீருக்கு நிறுத்திவைத்த சிறைத் தண்டனை கிடைத்தது. இன்னொரு செடி நட்டால் உள்ளே போக வேண்டும். அவன் நடவில்லை. இரண்டு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மூன்றாவதைப் பார்க்க அவன் இல்லை.

"என்ன உதவி?" என்றாள்.

"வந்து ஒரு தடவ பாருங்க. இன்டர்நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றான். எனக்கு ஒண்ணும் புரியல."

போனாள். குபாத்தின் கொட்டகைக்குப் பின்னால், தெற்கு வெயிலில் வரிசையாகத் தொட்டிகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் வாய்விட்டே எண்ணினாள்.

"ஆறு, தலைவரே."

"தெரியும்மா. எது நல்லா வருதுன்னு பாத்து மூணைப் பிடுங்கிடலாம்னுதான்..." அவர் முகம் வெளுத்திருந்தது. "நீங்க யார்கிட்டயும்..."

அந்தக் கணம் அவள் நெஞ்சு குளிர்ந்தது. ஒரு போன் போதும். ஆனால் இப்போதெல்லாம் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்; அதைக் கட்டிவிட்டு மனிதர் அடுத்த வருடம் மூன்று செடியோடு நிம்மதியாகத் தூங்குவார். அது அவளுக்குப் பத்தாது. அவருக்கு வேண்டியது தூக்கம். அதைத்தான் எடுக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணுக்கணுவாகப் பார்த்தாள். ஐந்து செடிகளில் வெள்ளை இழைகள் இரட்டை இரட்டையாக எட்டிப் பார்த்தன. பெண். எல்லாவற்றையும்விட உயரமாய், திமிராய் நின்ற ஆறாவதில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பச்சை உருண்டை. ஆண்.

"எதம்மா வைக்கலாம்?"

"இதையும் இதையும் வைங்க. அப்புறம் இந்த நெட்டை. எவ்வளவு கம்பீரமா நிக்குது பாருங்க. இதுதான் இங்க தலைவர்."

குபாத் சிரித்தார். பாவி, சந்தோஷமாகச் சிரித்தார். மூன்று நல்ல பெண் செடிகளை அவள் கண்முன்னாலேயே தன் கையால் பிடுங்கி உரக்குழியில் போட்டார். கொலாச்சை அவள் வாங்கிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஸ்வாதவாம்மா! தலைவர் பூத்துட்டாரு! மத்த ரெண்டும் இன்னும் தூங்குது!"

"தொடாதீங்க. அப்படியே விடுங்க. ஆட்டிகீட்டி வைக்காதீங்க."

"தொட்டா மஞ்சளா தூசி வருதும்மா!"

"வரட்டும், வரட்டும்."

அந்தத் தூசி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுடைய கொட்டகைச் சுவரோரமும் மூன்று செடி நின்றது. சட்டம் மாறிய பிறகு அந்த வசந்தத்தில்தான் துணிந்து வைத்தாள். அவள் விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கிப்போயிருந்தன. குளிர் வந்தால் ஜாடி மூடியைக்கூடத் திருக முடியாது. பன்றிக் கொழுப்பில் அந்தப் பூவைக் காய்ச்சிக் களிம்பு செய்து வைத்துக்கொள்ள எண்ணியிருந்தாள். கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் மூடி வைத்திருக்கலாம். திடீரென்று அவளுடைய மூன்றும் உள்ளே போனால் குபாத் ஏன் என்று கேட்பார். அதனால் மூடவில்லை. ஒரு காலையில் தன் இலைகளில் மஞ்சள் படிந்திருப்பதைப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

செப்டம்பர் கடைசியில் குபாத் வந்தார். இந்த முறை தட்டில்லை. வாளி நிறைய அறுத்த பூ. நசுக்கிக் காட்டினார். விதையாய்க் கொட்டியது.

"விதை குடுத்தவன்கிட்ட காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சான். 'ஆண் செடிக்குச் சோறு ஊட்டி வளத்திருக்கியேடா'ங்கறான். ரெண்டு வாரமா கஷாயம் வச்சுக் குடிக்கறேன், தூக்கமே வரல. நீங்க... உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்த உடனே தெரியும்."

குபாத் வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார். பிறகு கத்தினார். "நம்பிக் கேட்டேனேம்மா!"

"வொய்மீரும் நம்பித்தான் உங்களுக்கு ஏணி குடுத்தாரு."

"இது அநியாயம். நான்... நான் இத விடமாட்டேன்."

"போலீசுக்குப் போங்களேன், தலைவரே. வழி தெரியும் இல்ல? என்ன சொல்வீங்க? மூணு வச்சுக்கலாம், மூணுதான் வச்சீங்க. சட்டம்னா சட்டம்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அன்னிக்கு நீங்க எண்ணினீங்களே, ஆறாவது. அதுவும் ஆண்தான். காப்பி குடிச்சிட்டுப் பிடுங்கறேன்னாரு. ஒரு காப்பி, குபாத். ஒரு காப்பி குடிக்க விடல நீங்க."

எட்டு வருடத்தில் முதல் முறையாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போனது. சுவரோரம் நின்ற அவளுடைய செடிகளின் பூவும் விதை கட்டிப் பருத்துத் தலை தொங்கியிருந்தது.

"உங்களோடதும் போச்சே," என்றார் மெதுவாக.

"போச்சு."

"இந்தக் கைய வச்சுக்கிட்டுக் குளிர்காலம் பூரா என்னம்மா பண்ணுவீங்க?"

"எனக்குப் பழக்கம் இருக்கு. வலி படுத்தற பாட்டப் பக்கத்துல உக்காந்து பாத்தே ரெண்டு குளிர்காலத்த ஓட்டினவ நான். நீங்கதான் புதுசு."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி திரும்பினார். கதவுவரை போக விட்டாள்.

"தலைவரே, எங்க ஏணி இன்னும் உங்ககிட்டதான் இருக்கு. கொண்டாந்து குடுத்துடுங்க."

"நாளைக்கு..."

"இன்னிக்கு. இப்பவே."

ஓக் மரத்தில் வொய்மீர் தன் கையால் செய்த ஏணி. நல்ல கனம். குபாத் அதைத் தரையில் இழுத்துக்கொண்டு, நின்று நின்று, பல்லைக் கடித்தபடி வந்தார். ஸ்வாதவா கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். கைகொடுக்கவில்லை.