பல் டாக்டர் கேட்ட வானம்

பெயிண்டருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் 'ஒரே சீர்'. அவர் அடித்த சுவரில் பிரஷ் தடம் இருக்காது, திட்டு இருக்காது, வழிசல் இருக்காது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே நிறம். கிண்டலாகப் பெயர் வைத்தவர்களும் தங்கள் வீட்டுக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சீலிங்கில் மூன்று தடவை தோற்றுப்போனார்.

அது பல் டாக்டரம்மாவின் அறை. நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்களுக்கு மேலே வானம் தெரிந்தால் பயம் குறையும் என்று டாக்டரம்மா எங்கோ படித்திருந்தார். அந்த வானத்தை அடித்துத்தரக் கூலி வேண்டாம், பதிலுக்கு என் மகள் பல்லுக்குக் கம்பி போட்டுவிடுங்கள் என்று பெயிண்டர்தான் கேட்டார். மகளுக்குப் பதினான்கு வயது. முன்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நிற்கும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். போட்டோ எடுக்கும்போது கையை எடுப்பாள். ஆனால் சிரிக்க மாட்டாள்.

"வானம் மாதிரி இருந்தா கம்பி. இல்லேன்னா கூலிய வாங்கிட்டுப் போயிடணும்" என்றார் டாக்டரம்மா. அந்தக் கூலி கம்பிச் செலவில் கால்வாசிக்குக் காணாது.

முதல் தடவை டாக்டரம்மா நாற்காலியில் படுத்து அண்ணாந்து பார்த்தார். "இது நீச்சல்குளம்."

இரண்டாம் தடவை, "இது ஸ்கூல் யூனிபார்ம்."

மூன்றாம் தடவை கொஞ்சம் யோசித்தார். "பாத்திரத்துக்குள்ள போட்டு மூடி வெச்ச மாதிரி இருக்கு பெயிண்டர். மூச்சு முட்டுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சனிக்கிழமை பேஷண்ட் வராங்க."

மறுநாள் காலை பெயிண்டர் தன் வீட்டு மொட்டைமாடியில் மல்லாந்து படுத்தார். கையில் நாற்பத்திரண்டு நீலம் உள்ள ஷேடு கார்டு. தலைக்கு நேராகப் பிடித்தால் முப்பத்தொன்றாம் நம்பர் கச்சிதமாகப் பொருந்தியது. கார்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பொருந்தவில்லை, இருபத்திநான்குதான் சரி. எதிர்க் கட்டடத்தை ஒட்டிப் பிடித்தால் மூன்று. மூன்று என்றால் வெள்ளைக்குச் சித்தப்பா பிள்ளை.

அடுத்த மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, அதையும் அடிக்கச் சொல்லிட்டாங்களா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "அடிக்கட்டும். துணி மேல சொட்டாம இருந்தா சரி."

பெயிண்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "எவன் அடிச்சான் இத? மேல ஒரு நிறம், ஓரத்துல ஒரு நிறம். எங்கிட்ட வேலைக்கு இருந்திருந்தா அன்னிக்கே ஏணியப் பிடுங்கிட்டு அனுப்பியிருப்பேன்!"

துணிக்கூடையுடன் நின்ற மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டே சொன்னாள். "அப்பா, அது பெயிண்ட் இல்லப்பா. வெயில்ல எல்லா நிறமும் இருக்கு. அதுல நீலத்தக் காத்து நல்லா சிதறடிக்குது. அதான் எந்தப் பக்கம் பாத்தாலும் நீலமா வருது."

"அப்ப ஓரம் ஏன் வெளுத்துப்போச்சு?"

"நேர் மேல பாத்தா நடுவுல காத்து கம்மி. ஓரமாப் பாத்தா ரொம்ப தூரத்துக் காத்து வழியாப் பாக்கறோம். வெளிச்சம் திரும்பத் திரும்பச் சிதறி, எல்லா நிறமும் கலந்து வெள்ளையாயிடுது."

"அதாவது, ஓரத்துல வெள்ள தூக்கல்."

"ஆமாப்பா."

"இத முதல் நாளே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன். 'நீலத்தப் பத்தி எனக்கே பாடமா'ன்னு கத்தினீங்க."

பெயிண்டர் கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு டப்பாவில் ஏழு நீலம் கலந்தார். நடுவில் அடர்த்தி. வெளியே போகப் போக வெள்ளை கூடும். ஒன்று காய்வதற்குள் அடுத்ததை அதன் விளிம்பில் இழுத்துக் கரைக்க வேண்டும். மனசு ஒப்புக்கொண்டது, கை ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சம் அசந்தால் போதும், ரோலர் அதுபாட்டுக்கு எல்லாவற்றையும் சமமாக்கப் போய்விடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். ஓரத்து வெளுப்பைச் சுவரிலும் ஒரு சாண் இறக்கிவிட்டார். முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தபோது அழுகை வந்தது. வேறு யாராவது இப்படி அடித்திருந்தால் ஊர் பூராவும் சொல்லிச் சிரித்திருப்பார்.

சாயங்காலம் டாக்டரம்மா வாசலில் நின்றே அண்ணாந்து பார்த்தார். "என்ன பெயிண்டர், பாதியில பெயிண்ட் தீந்துபோச்சா?"

"நின்னு பாக்காதீங்க டாக்டரம்மா. படுத்துப் பாருங்க."

படுத்தார். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது.

"டாக்டரம்மா?"

"கொஞ்சம் சும்மா இருங்களேன்." மேலே பார்த்தபடியே கேட்டார். "சீலிங் எங்க போச்சு?"

பெயிண்டர் வெளியே ஓடி, வராந்தாவில் உட்கார்ந்திருந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். நாற்காலியில் டாக்டரம்மா எழுந்த இடத்தில் அவளைப் படுக்கவைத்தார்.

"ஆ காட்டும்மா" என்று சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டார் டாக்டரம்மா.

"எப்படிடா இருக்கு?" என்றார் பெயிண்டர். பல்லைப் பற்றி அல்ல.

"ஆ... ஊ... ஆ."

"நல்லாயிருக்குங்கறா" என்று டாக்டரம்மா கண்ணாடியை வெளியே எடுத்தார்.

"இல்ல டாக்டர். ஊதா எங்கன்னு கேட்டேன். அப்பா, நீலத்தவிட ஊதா இன்னும் அதிகமாச் சிதறும். நம்ம கண்ணுக்குத்தான் அது சரியாப் பிடிபடறதில்ல."

பெயிண்டர் சீலிங்கைப் பார்த்தார். காலி டப்பாக்களைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"கம்பிய நல்லா இறுக்கியே போடுங்க, டாக்டரம்மா."